வாய் திறக்காத குரவை

ஊட்டிக்குப் போகிறவர்கள் ஸ்வெட்டர் எடுத்துப் போவார்கள். நான் ஆக்ஸிஜன் அடைத்த பிளாஸ்டிக் பைகளில் மீன் எடுத்துப் போனேன். சென்னை கொளத்தூரில் வண்ண மீன் கடை வைத்திருக்கிறவள் வேறு எதை எடுத்துப் போவாள்? ஊட்டியில் ஒரு விடுதிக்காரர் வரவேற்பறைத் தொட்டிக்கு மீன் கேட்டிருந்தார். அதே வாரம் ஞாயிற்றுக்கிழமை, கூடலூர்ப் பக்கம் ஓர் எஸ்டேட் தொழிலாளர் லைன் வீட்டில் என் மகன் கதிருக்கு நிச்சயதார்த்தம். ஒரே பயணத்தில் இரண்டு வேலையும் முடியட்டும் என்று முன்கூட்டியே கிளம்பிவிட்டேன்.

“மாப்பிள்ளையோட அம்மா மூணு நாள் முன்னாடியே போய் உட்கார்ந்தா நல்லாவா இருக்கும்?” என்றார் என் வீட்டுக்காரர். மீன் ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பைக்குள் காத்திருக்காது என்றேன். அவரும் கதிரும் ஞாயிறு அன்று வந்து சேர்வதாக ஏற்பாடு.

வியாழக்கிழமை ஊட்டித் தண்ணீரில் கை விட்டேன், குளிர் எலும்பு வரைக்கும் ஏறியது. எங்கள் ஊரில் சித்திரை மாதம் தொட்டிக்குள் ஐஸ் பாக்கெட்டை மிதக்கவிட்டு மீனைக் காப்பாற்றுவோம். இங்கே ஹீட்டர் போட்டுக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. எப்படியோ, ஒன்றுகூடச் சாகாமல் தொட்டியில் விட்டுவிட்டு மார்க்கெட் பக்கம் வந்து டீயும் வர்க்கி பிஸ்கட்டும் வாங்கினேன். கடித்ததும் வர்க்கி உதிர்ந்து சேலையெல்லாம் கொட்டியது. கடைக்காரர் ஒரு பழைய பேப்பரை நீட்டி, “மடியில விரிச்சுக்குங்க, சேலை தின்னது போக உங்களுக்கும் கொஞ்சம் மிஞ்சட்டும்” என்றார்.

கூடலூர் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு படுகர் இனப் பெண்கள். என்னைத் திரும்பிப் பார்த்துத் தங்கள் மொழியில் என்னவோ பேசிச் சிரித்தார்கள். பக்கத்தில் இருந்த கல்லூரிப் பெண்ணிடம் கேட்டேன். “காலிப் பையை இந்தம்மா ஏன் இப்படிக் கட்டிப் பிடிச்சிட்டு வருதுன்னு கேக்கறாங்க, ஆன்ட்டி” என்றாள். பையில் மீன் வலையும் கல் உப்பும் நீல மருந்துப் புட்டியும்தான் இருந்தன. எங்கள் தொழிலில் டாக்டர் பையும் அதுதான். அதைச் சொன்னதும் படுகப் பெண்களில் ஒருத்தி, மீனுக்குக்கூட வைத்தியம் பார்க்க ஆள் இருக்கிறது, எனக்குத்தான் இல்லை என்று தன் முழங்காலைத் தட்டிக் காட்டினாள். இதையும் அந்தப் பெண்தான் தமிழில் சொன்னாள்.

நடுவட்டம் வந்ததும் பஸ் நின்றுவிட்டது. என்ன கோளாறு என்று எனக்குப் புரியவில்லை. டிரைவர் இறங்கிப் பார்த்து, தலையைச் சொறிந்து, “எல்லாரும் டீ குடிங்க” என்றார். பனிமூட்டத்தில் எதிரே இருந்த கடைகூட மங்கலாகத்தான் தெரிந்தது. சென்னை என்றால் இந்நேரம் கண்டக்டரின் சட்டையை யாராவது பிடித்திருப்பார்கள். இங்கே எல்லோரும் நிஜமாகவே டீ குடித்தார்கள். நான் போகிற லைனின் பேரைக் கேட்டுக்கொண்டு, டிரைவரே அந்தப் பக்கம் தேயிலைக் கொழுந்து ஏற்றப் போன ஒரு பிக்கப் வண்டியை நிறுத்தி என்னை ஏற்றிவிட்டார். அவர் முகம்கூட எனக்கு இப்போது நினைவில்லை, ஆனால் அந்த மனிதர் நன்றாக இருக்க வேண்டும்.

பெண் வீட்டில் சம்பந்தி மாரிமுத்து அண்ணனும் அவர் மனைவி ராணியும் வாசலுக்கு ஓடி வந்தார்கள். இருவரின் அப்பா அம்மாவும் இலங்கைத் தோட்டங்களிலிருந்து இங்கே குடியேற்றப்பட்டவர்கள். ராணி தேங்காய் ரொட்டி சுட்டு, அம்மியில் அரைத்த சம்பலோடு வைத்தாள். காரம் கண்ணில் நீர் வரவழைத்தது; நான் வெட்கப்படாமல் மறுபடி வாங்கித் தின்றேன். மாரிமுத்து அண்ணன் தட்டைத் தொடவில்லை. பிறகு சாப்பிடுகிறேன் என்றார். குடிக்கக் கொடுத்த தண்ணீர் கேன் தண்ணீராக இருந்தது. ஊற்றும் ஓடையும் இருக்கிற மலையில் கேன் தண்ணீரா என்று எனக்கு உறுத்தியது.

அதைவிட உறுத்திய விஷயம் ஒன்று உண்டு. எங்கள் தெருவில் ஓர் ஆட்டோ வந்து நின்றாலே நாலு கதவு திறக்கும். இங்கே மாப்பிள்ளையின் அம்மா கொழுந்து வண்டியில் வந்து இறங்கியிருக்கிறாள், வரிசையாக இருந்த அத்தனை லைன் வீடுகளில் ஒரு கதவும் திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, பெண் யமுனாதான் என்னைத் தனியாக அழைத்துப் போய் விஷயத்தைச் சொன்னாள். வீடுகளுக்கு மேலே பாறை இடுக்கிலிருந்து ஓர் ஊற்று வருகிறது. அதைத் தொட்டி கட்டித் தேக்கி, லைன் முழுக்க அதைத்தான் குடிக்கிறார்கள். தொட்டிக்குள் ஒரு குரவை மீன் இருக்கிறது. பார்ப்பதற்குச் சின்ன விரால் மாதிரி இருக்கும், ஒரு சாண் நீளம். கொசுப் புழுவைத் தின்னும் என்பதற்காக விட்டது. நாளாக நாளாகத் தண்ணீரின் நல்லது கெட்டதைச் சொல்வதும் அதன் வேலை என்று ஆகிவிட்டது. அதற்குப் பேர் காவக்காரன். விடிந்ததும் செல்லம்மா என்கிற அம்மாள் போய்ப் பொரி போடுவார். மீன் வந்து தின்றால்தான் முதல் குடம் முங்கும்.

“ஒரு வாரமா அது திங்கறதில்லைங்க அத்தை. தொண்டை வேற வீங்கிப் போச்சு. ஊத்துக்கு மேலதான் எங்க துண்டுத் தேயிலைத் தோட்டம். அப்பா அங்க களைக்கு மருந்து அடிச்சாரு, அன்னிக்கே மழை. மருந்து ஊத்துல எறங்கிருச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க. யாரும் அந்தத் தண்ணிய எடுக்கறதில்ல. ஓடை வரைக்கும் நடக்கறாங்க. எங்க ஊட்டுக்கும் வர்றதில்ல.”

“அப்பா என்ன சொல்றாரு?”

“எதுவுமே சொல்றதில்ல. சாப்பிடறதுமில்ல.”

மீன் சமாச்சாரம் என்றதும் எனக்குக் கை பரபரத்தது. சம்பந்தியம்மா கௌரவத்தை ஓரமாக வைத்துவிட்டுத் தொட்டிக்கரையில் குந்தினேன். தண்ணீர் அடித்தரை தெரியும்படி தெளிந்து கிடந்தது. மயில்கழுத்து நிறத் துடுப்பில் ஆரஞ்சுக் கரை போட்ட மீன், மூலையில் அசையாமல் நின்றது. தாடைக்குக் கீழே பொன்னுக்கு வீங்கி வந்த பிள்ளை மாதிரி உப்பியிருந்தது. சற்றுத் தள்ளி இன்னொரு குரவை, கொஞ்சம் மெலிந்தது. போன மழையில் ஓடையிலிருந்து ஏறி வந்து சேர்ந்ததாம்.

செல்லம்மாவும் அங்கே இருந்தார். கொழுந்து பறித்தே விரல் நுனி கறுத்துப்போன, அதட்டலான அம்மாள். நான் பெரிய டாக்டர் மாதிரி சொன்னேன்: “இது விஷம் இல்லம்மா. தாடையில சீழ் வெச்சிருக்கு. எங்க கடையில எத்தனையோ பார்த்திருக்கேன். பக்கெட்ல தனியா விட்டு உப்பும் நீல மருந்தும் போட்டா ஒரு வாரத்துல சரியாயிடும்.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “இத்தனை வருசமா வராத சீழு, மாரி மருந்தடிச்ச வாரம் பாத்தா வரும்? நீங்க சம்பந்தியம்மா. அவன் பக்கம்தான் பேசுவீங்க. மீனத் தொடாதீங்க.”

எனக்குக் கோபம் வந்தது. மீன் விஷயத்தில் என்னையே சந்தேகப்படுவதா என்று முணுமுணுத்துக்கொண்டே இறங்கினேன். அந்த அம்மாள் அன்று என்னைத் தடுத்ததற்கு இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடுகிறேன். தடுத்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்பது மறுநாள்தான் எனக்கே புரிந்தது.

அன்று சாயங்காலம் ராணி என்னைச் சமாதானப்படுத்த மரவள்ளிக்கிழங்கு வேகவைத்தாள். அதை வாங்க நானும் யமுனாவும் போன முக்குக் கடையில் மலையாளி ஒருவர் யமுனாவிடம் விசாரித்தார். அவர் சொன்னது எனக்குப் பாதி புரிந்தது, மீதியை அவள் சொன்னாள்: ‘ஞாயிற்றுக்கிழமை லீவு நாளில் ஆம்பிளைகள் எல்லாம் சேர்ந்து தொட்டியை இறைத்துப் பிளீச்சிங் பவுடர் போடப்போகிறார்களாமே, அன்றைக்குத்தானே உன் நிச்சயம்?’ யமுனா ஆமாம் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிழங்கை வாங்கிக்கொண்டாள். வரும் வழியெல்லாம் அழுதாள். என் மகன் கட்டிக்கொள்ளப்போகிற பெண் அழுவதைப் பார்த்துக்கொண்டு, என்ன செய்வது என்று தெரியாமல் நானும் கூடவே நடந்தேன்.

சனிக்கிழமை காலை மறுபடியும் தொட்டிக்குப் போனேன். தொடாமல் பார்க்க யார் அனுமதியும் வேண்டாம் அல்லவா. குரவைக்கு மேல்காற்றும் வேண்டும். அவ்வப்போது மேலே வந்து படக்கென்று வாயைப் பிளந்து ஒரு வாய் காற்று இழுத்துப் போகும். இது மேலே வந்தது, உதட்டை மட்டும் தண்ணீருக்கு வெளியே வைத்தது, வாயைத் திறந்தும் திறக்காமலும் போய்விட்டது. என்ன கஞ்சத்தனம் என்று நினைத்தேன். கொஞ்சம் பொறுத்து அதன் தொண்டை அசைந்தது. வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றுவது போல, உள்ளே எதையோ புரட்டிப் போட்டது.

 இந்த அசைவை நான் தினமும் பார்க்கிறவள். ஆப்பிரிக்க ஏரி மீன்களில் சில, முட்டையை வாய்க்குள் வைத்து அடைகாக்கும். உள்ளே கெட்டுப்போகாமல் இப்படித்தான் புரட்டிக்கொண்டே இருக்கும். வாயில் இரை போனால் முட்டையும் கூடவே போய்விடுமே என்று பட்டினி கிடக்கும். ஆனால் அதெல்லாம் அம்மா மீன்கள். இது பெரிய மீன், கரை போட்ட துடுப்பு, ஆண். அந்த மெலிந்ததுதான் பெட்டை. அப்பன் வாயில் பிள்ளையா? விரால் குஞ்சுக்குக் காவல் நிற்கும் என்று தெரியும், வாயில் சுமக்கிற குரவை உண்டு என்று இத்தனை வருஷத் தொழிலில் நான் கேள்விப்பட்டதில்லை. இதையா பக்கெட்டில் விட்டு உப்புப் போட இருந்தேன்? பயந்தால் அத்தனையையும் விழுங்கியோ துப்பியோ இருக்கும்.

ஓடிப்போய்ச் செல்லம்மாவிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. ஆனால் ஊர் கூடிவிட்டது. ஒன்றும் திறக்கவில்லையே என்று நான் அங்கலாய்த்த கதவெல்லாம் இப்போது திறந்தன.

“நேத்து சீழுன்னீங்க. இன்னிக்குப் புள்ளைங்கறீங்க. நாளைக்கு என்ன சொல்லுவீங்க?” என்றார் செல்லம்மா. கூட்டம் சிரித்தது. கேட்டது நியாயம்தான். அவரே மேலும் சொன்னார்: “சரி, வாயத் தொறந்து காட்டுங்க. இருந்தா நம்புறோம்.”

அது எனக்குக் கைவந்த வேலை. கடையில் வாரம் தவறாமல் செய்வது. மீனை ஈரக்கையில் பிடித்து, கீழ்த்தாடையை மெல்ல நெம்பி, தலைகீழாகத் தண்ணீரில் ஆட்டினால் உள்ளே இருப்பதெல்லாம் கொட்டிவிடும். பையிலிருந்து வலையை எடுத்தேன். ஒரு நிமிஷ வேலை. மாரிமுத்து அண்ணன் பேரும் பிழைக்கும், நாளைக்கு வீடும் நிறையும்.

“கொட்டுனா பொழைக்குமாம்மா?”

குரல் பின்னாலிருந்து வந்தது. மாரிமுத்து அண்ணன். இந்த ஒரு வாரத்தில் அவர் தொட்டிப் பக்கம் வந்தது அப்போதுதான். கூட்டம் வழிவிட்டது.

“குஞ்சா இருந்தா கொஞ்சம் பொழைக்கும்ணே. முட்டையா இருந்தா, கடையில அதுக்குன்னு தனி ஏற்பாடு உண்டு. இங்க கஷ்டம்தான்.”

“அப்ப வேணாம்மா. வலைய உள்ள வைங்க.”

“அண்ணே, நாளைக்கு நிச்சயம். இதைக் காட்டினா எல்லாம் தீர்ந்துடும்.”

“தீர்றதுக்காக அது வாயப் பொளக்கறதா?” அவர் என்னைப் பார்க்கவில்லை, தொட்டியைப் பார்த்துப் பேசினார். “நான் மருந்தடிச்சது நெசந்தான். ஊத்த விட்டுத் தள்ளித்தான் அடிச்சேன். ஆனா மழை பேஞ்சுதே, எறங்குச்சா எறங்கலையான்னு எனக்கே தெரியாது. தெரியாமத்தான் தூக்கமில்லாம கெடக்கறேன். அதுக்காக, சோறு தண்ணியில்லாம புள்ளைய வாயில வச்சுக்கிட்டு நிக்கறவனப் புடிச்சு ஒதறச் சொல்றீங்களா? என் பேரு கெட்டாக் கெட்டுட்டுப் போகட்டும். விடுங்க.”

 நான் வலையைச் சுருட்டிப் பைக்குள் வைத்தேன். இந்த மனிதருக்குச் சம்பந்தியாக நான் என்ன புண்ணியம் செய்தேனோ என்று அந்த இடத்திலேயே தோன்றியது. கண் நிறைந்துவிட்டது, மறைக்கவும் இல்லை.

செல்லம்மா தொட்டிக்கரையில் கவிழ்த்து வைத்திருந்த சொம்பை எடுத்தார். தண்ணீர் மொண்டு, தடுக்க வந்தவர் கையைத் தட்டிவிட்டு, மடக்மடக்கென்று குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டார்.

“கெட்ட தண்ணியில எவனும் புள்ளைய வச்சுக்கிட்டு நிக்கமாட்டான். நாளைக் காலையில நான் எந்திரிக்கலேன்னா தொட்டிய எறைங்க. எந்திரிச்சா பவுடர எடுத்துட்டுப் போங்க.”

அவர் சொம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தன் வீட்டுக்குப் போனார். இப்போது யோசித்தால் சிரிப்பு வருகிறது, அன்று மீனை விட்டுவிட்டு லைன் முழுக்கச் செல்லம்மாவைக் காவல் காத்தது. அவர் இருமினால் எதிர் வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். துணி துவைத்தார், கோழியை விரட்டினார், மருமகளை ஏசினார். ஏசிய குரலைக் கேட்டு ராணி, “தெம்பாத்தான் இருக்காங்க” என்று என்னிடம் கிசுகிசுத்தாள். மாரிமுத்து அண்ணன் மட்டும் எங்கும் எட்டிப் பார்க்கவில்லை. வாசலில் ஒற்றை ஆளாகப் பந்தல் கால் நட்டுக்கொண்டிருந்தார். ஒரு கை பிடிக்க ஆள் வரவில்லை. நான் போய்க் கயிற்றைப் பிடித்தேன். மாப்பிள்ளையின் அம்மா பந்தல் போடுகிற நிச்சயம் எங்கள் தெருவில் நடந்தால் பத்து வருஷம் பேசுவார்கள்.

ராத்திரி ராணி வைத்த சோற்றை அண்ணன் பிசைந்ததோடு எழுந்துகொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது செல்லம்மாவின் கதவைத்தான் எல்லோரும் முதலில் பார்த்தார்கள். அது திறந்து கிடந்தது. ஆள் இல்லை. யமுனா பதறி என் கையைப் பிடித்தாள். அதற்குள் மேலே தொட்டியிலிருந்து அவர் குரல் கேட்டது. என்ன சொல்கிறார் என்று விளங்காமல் நாங்கள் ஏறி ஓடினோம்.

அவர் கரையில் குந்தியிருந்தார். கை நீட்டிக் காட்டினார். காவக்காரனின் மூக்குக்கு முன்னால், கடுகுக்கு வால் முளைத்த மாதிரி ஒரு கூட்டம், பனிப்புகை போல விரிந்தும் சுருங்கியும் நீந்தியது. யாரோ குனிய நிழல் விழுந்தது. காவக்காரன் வாயைப் பிளந்தான். முன்னால் இருந்த குஞ்சுகள் உள்ளே போயின, வாய் மூடிக்கொண்டது. கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடி வெளியே விட்டான். எத்தனை மீனைத் தொட்டு விற்றிருப்பேன், இப்படி ஒன்றை யாரும் உதறாமல், நெம்பாமல், தானாகத் திறந்த வாயில் நான் பார்த்ததே இல்லை. என் கண்ணில் அது பட்டதற்கு யாருக்கு நன்றி சொல்ல? இரண்டு நாளாக என்னை அதட்டிக்கொண்டிருந்த அந்த அம்மாளின் தோளைத்தான் பிடித்துக்கொண்டேன்.

அவர் என் கையை விலக்கி எழுந்தார். குடத்தை முக்கினார். பின்னால் நின்ற பெண்களும் ஒருவர் பின் ஒருவராக முக்கினார்கள். அத்தனை பேரும் இடுப்பில் குடத்தோடு இறங்கி வந்து பந்தலுக்குள் நுழைந்தார்கள். மாரிமுத்து அண்ணன் தோரணம் கட்டிக்கொண்டிருந்தவர், கயிற்றை விடாமல் அப்படியே நின்றார்.

“மாரி, விட்டுருச்சுடா” என்றார் செல்லம்மா. “அத்தனையும் குஞ்சு. நல்ல தண்ணிடா.”

அண்ணன் ஏதாவது கேட்பார் என்று நான் நினைத்தேன். ஒரு வாரம் முகம் கொடுக்காமல் இருந்ததை, பெண்ணை அழவைத்ததை. கேட்டிருந்தால் தப்பே இல்லை. குடத்தோடு நின்றவர்களும் அதை எதிர்பார்த்துத்தான் தலையைக் குனிந்திருந்தார்கள்.

“அது தின்னுச்சாக்கா?” என்றார்.

“பொரி போட்டேன். குஞ்சையே பாத்துக்கிட்டு நிக்குது, இன்னும் திங்கல.” செல்லம்மா குடத்தை இறக்கி வைத்தார். ராணி கையில் இருந்த ரொட்டித் தட்டைப் பிடுங்கி அவரிடம் நீட்டினார். “அது தின்னுக்கும். நீ மொதல்ல தின்னு.”

அவர் கயிற்றை விட்டார். தட்டை வாங்கி, நின்றபடியே ஒரு துண்டு பிய்த்து வாயில் வைத்தார்.